நாலு சக்கரமும் நாலு கால் பிராணியும்

கனடா தேசத்து டொரண்டோ நகரில், ஸ்கார்பரோ என்ற பகுதியில் குடித்தனம் செய்யும் சகோதரி ஒருவர் எழுதியிருக்கிறார். "பனிக்காலம் வருவதற்குள் ஸெகண்ட்-ஹாண்ட் எஸ்.யூ.வி. ஒன்று வாங்கவேண்டும். கையில் 15,000 டாலர் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு காசும் புரட்ட முடியாது. விடியற்காலை ஐந்து மணிக்கு நான் தனியாக வேலைக்கு ஓட்டிப் போகவேண்டும். வீட்டில் முப்பது கிலோ எடையுள்ள லாப்ரடார் நாய் இருக்கிறது. அதற்கு ஒன்பது வயது. என் கணவர் பெரிய வண்டியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எதைப் பார்ப்பது?" என்று கேட்கிறார்.

கேள்வி அவருடையதுதான். ஆனால் பெண்ணையோ பிள்ளையையோ அந்தக் குளிர் தேசத்துக்கு அனுப்பிவிட்டு, "பனியில் எப்படி வண்டி ஓட்டுகிறாளோ?" என்று இங்கே கவலைப்படும் தாய்மார்கள் நம் வாசகியரில் எத்தனையோ பேர். ஆகையால் பதிலை எல்லோருக்கும் பொதுவாகவே சொல்லிவிடலாம்.

அம்மணி, உங்கள் கணவர் பெரிய வண்டியாகப் பார்க்கட்டும். நீங்கள் குனிந்து டயரைப் பாருங்கள். காரணம் சொல்கிறேன்.

புறப்படுவது வேறு, நிற்பது வேறு

"நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகிற வண்டி, பனியில் சறுக்கவே சறுக்காது" என்று விற்பவர் சொல்லுவார். அதில் பாதி நிஜம். முன் சக்கரம் பனியில் வீணாகச் சுழல ஆரம்பித்தால், பின் சக்கரத்துக்கும் எஞ்ஜினின் சக்தி போய் வண்டியைத் தள்ளிவிடும். வீட்டு வாசலில் முழங்கால் அளவு பனி குவிந்திருக்கும்போதும், மேட்டுத் தெருவில் ஏறும்போதும் அது பெரிய உபகாரம்தான்.

ஆனால் பிரேக் போடும்போது? எந்தக் காரானாலும் பிரேக் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. சாதாரணக் காருக்கு இல்லாத விசேஷம் எதுவும் அந்த நிமிஷத்தில் எஸ்.யூ.வி.க்குக் கிடையாது. எடை அதிகமான வண்டியை நிறுத்துவதுதான் இன்னும் சிரமம். நான்கு சக்கர இயக்கம் புறப்படுவதற்கு ஒத்தாசை, நிற்பதற்கு அல்ல. விபத்தோ பெரும்பாலும் நிற்க முடியாமல்தான் வருகிறது.

நிறுத்துவது ரப்பர். வெயில் காலத்து டயரின் ரப்பர், குளிர் ஏழு டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்கியதும் இறுக ஆரம்பித்துவிடும். ஐஸ் பெட்டியில் வைத்த வெண்ணெயை ரொட்டியில் தடவிப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். பனிக்கால டயர் கடுங்குளிரிலும் மிருதுவாக இருக்கும்படி தயாரிக்கப்பட்டது. அதன் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும் அதற்குள் ஒரு பனிப் படிகத்தின் படமும் அச்சிட்டிருக்கும். அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது.

பக்கத்து மாகாணமான கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது. உங்கள் ஒண்டாரியோவில் அப்படிக் கட்டாயம் இல்லை. ஆனால் பனிக்கால டயர் மாட்டியவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தில் சலுகை தரவேண்டும் என்று 2016 ஜனவரி முதல் விதி உண்டு. கேட்டால்தான் கிடைக்கும், கேட்க மறக்காதீர்கள்.

ஆகவே, சாதாரண டயர் போட்ட பெரிய நான்கு சக்கர இயக்க வண்டியா, பனிக்கால டயர் போட்ட முன் சக்கர இயக்க வண்டியா என்று ஒரு நெருக்கடி வந்தால், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். இரண்டும் சேர்ந்து கிடைத்தால் அதைவிட உத்தமம்.

முதலில் கணக்கு

15,000 டாலர் கையில் இருக்கிறது என்றால் 15,000 டாலர் வண்டியைப் பார்க்கப் போகக்கூடாது. கல்யாணத்துக்கு வைத்த பணத்தையெல்லாம் புடவைக்கே கொடுத்துவிட்டால் சாப்பாட்டுக்கு எங்கே போவது?

ஒண்டாரியோவில் பழைய காருக்கும் நூற்றுக்கு 13 வீதம் வரி. தனி மனிதரிடம் வாங்கினாலும் தப்ப முடியாது. அங்கே இன்னொரு சூட்சுமம்: நீங்கள் கொடுத்த விலை, சர்க்கார் புத்தகத்தில் அந்த வண்டிக்குப் போட்டிருக்கும் மொத்த வியாபார விலை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் வரி. "ரசீதில் குறைத்து எழுதிக்கொள்ளலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வண்டி விலை 11,500 என்று வைத்துக்கொள்வோம். வரி 1,495. ஆக 12,995. பாக்கி 2,005. அதில் ரிம்முடன் நான்கு பனிக்கால டயருக்கு 1,300; வாங்குமுன் மெக்கானிக்கிடம் காட்ட 200; அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்பு எண்ணெய் அடிக்க 150; நாய்க்குக் கூண்டோ பட்டையோ வாங்க 300. மிஞ்சுவது 55 டாலர். அது பதிவுச் செலவுக்குச் சரியாகப் போகும். கடைக்குக் கடை இந்தத் தொகைகள் முன்பின் இருக்கலாம். ஆனால் வண்டி விலையைப் பன்னிரண்டாயிரத்துக்குள் நிறுத்திக்கொண்டால்தான் மற்றதற்கு இடம் உண்டு.

டயருக்கு ஆயிரத்து முந்நூறா என்று மலைக்கவேண்டாம். பனிக்கால டயர் ஓடும் மாதங்களில் மற்ற நான்கும் ஓய்வில் இருக்கின்றன. அவை அத்தனை காலம் கூடுதலாக உழைக்கும். விற்பவரே பனிக்கால டயரும் சேர்த்துத் தருவதுண்டு. அப்படித் தந்தால் அதன் வயதைப் பாருங்கள். பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 3518 என்றால் 2018-ஆம் வருஷத்து 35-வது வாரம் செய்தது. பள்ளத்தின் ஆழம் நாலு மில்லிமீட்டரை நெருங்கித் தேய்ந்துவிட்டால், அது பனிக்கு உதவாது.

உப்பிட்டவரை

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். கனடாவில் பனியைக் கரைப்பதற்காகச் சாலையெங்கும் உப்பைக் கொட்டுகிறார்கள். மோட்டார் வண்டி அதை உள்ளளவும் மறப்பதில்லை! பத்துப் பனிக்காலம் கண்ட வண்டியின் எஞ்ஜின் நன்றாக இருக்கும். மேல் பூச்சு பளபளக்கும். அடியில் மட்டும் தோசைக்கல்லை ஒரு மாதம் கழுவாமல் வைத்த மாதிரி இருக்கும்.

ஆகவே வண்டியை முன்னாலிருந்து பார்ப்பதைவிடக் கீழிருந்து பார்ப்பது முக்கியம். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோய் மேலே தூக்கச் சொல்லுங்கள். பிரேக் குழாய்கள், அடிச் சட்டம், சைலன்ஸர் குழாய் இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். மேலோட்டமான செந்துரு சகஜம். தட்டினால் உதிர்கிற துரு ஆபத்து. அடியில் மட்டும் புதிதாகக் கறுப்பு வர்ணம் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். வயதானவர் திடீரென்று தலைக்கு மை பூசினால், காரணம் இல்லாமல் இருக்குமா?

நீங்களே செய்யக்கூடிய சோதனைகளும் உண்டு. காலடிப் பாயைத் தூக்கி விரலால் அழுத்திப் பாருங்கள்; ஈரம் இருக்கக்கூடாது. டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்தைத் திறந்து பாருங்கள்; தண்ணீர் தேங்கிய அடையாளம் இருக்கக்கூடாது. உங்கள் நாய் படுக்கப் போவது அந்தப் பள்ளத்துக்கு மேலேதான்.

பார்க்கப் போகும் நேரத்தை முன்கூட்டியே சொல்லி, "நாங்கள் வருவதற்குள் எஞ்ஜினை ஓட்டவேண்டாம்" என்று கேட்டுக்கொள்ளுங்கள். போனதும் பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். ஆறிக் கிடந்த எஞ்ஜின் எப்படி எழுந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடுங்குளிரில் பாட்டரியின் வலிமை பாதியளவுக்குக் குறைந்துவிடும். பழைய பாட்டரி அக்டோபரில் ஓடும், ஜனவரியில் கைவிடும். பிறகு ஹீட்டரைப் போட்டு, சற்று நேரத்தில் நல்ல வெந்நீர்ச் சூடு வருகிறதா, பின் கண்ணாடியில் படியும் பனியை உருக்கும் கம்பிகள் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பாட்டுக் கேட்கும் கருவியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று வரன்கள்

உங்கள் தொகைக்குப் பத்து வயது சுமாருள்ள வண்டிகள்தான் அகப்படும். அவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

ஸுபாரு ஃபாரஸ்டர்: கனடாவில் விற்ற எல்லா ஃபாரஸ்டரிலும் நான்கு சக்கர இயக்கம் உண்டு. தரைக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே சுமார் 220 மில்லிமீட்டர் இடைவெளி. குவிந்த பனியில் வயிறு தட்டாது. பின்புறம் சதுரமானது, வாசல் அகலமானது. ஆனால் 2011-க்கு முந்திய வண்டிகளில் எஞ்ஜினின் ஹெட் காஸ்கெட் கசிவது பிரசித்தமான வியாதி. அதற்குப் பின் வந்த புது எஞ்ஜினின் ஆரம்ப வருஷங்களில், சில வண்டிகள் எண்ணெயை அதிகம் குடித்தன. எண்ணெய்க் குச்சியை இழுத்து அளவு பாருங்கள். இன்னொன்று: இதில் நான்கு டயரும் ஒரே மாதிரி தேய்ந்திருக்கவேண்டும். ஒன்று வெடித்தால் ஒன்றை மட்டும் மாற்ற முடியாமல் போகலாம்.

ஹோண்டா ஸி.ஆர்.வி.: உள்ளே இடம் தாராளம். 2012 முதல் 2014 வரை வந்தவற்றில் 2.4 லிட்டர் எஞ்ஜினும் ஐந்து கியர் ஆட்டோமாட்டிக்கும் இருக்கும். அதிகம் படுத்தாத ஜோடி. 2017, 2018-ஆம் வருஷத்து 1.5 லிட்டர் டர்போ வண்டி மலிவாக வருகிறது என்றால் யோசியுங்கள். குளிர் பிரதேசத்தில் கிட்டத்துக் கிட்டத்தில் ஓட்டினால், அதில் பெட்ரோல் எஞ்ஜின் எண்ணெயோடு கலக்கிறது என்ற புகார் எழுந்து, கம்பெனியே கவனிக்கவேண்டியதாயிற்று.

டொயோட்டா ராவ்-4: 2013 முதல் 2018 வரை வந்த வண்டியில் 2.5 லிட்டர் எஞ்ஜின், ஆறு கியர் ஆட்டோமாட்டிக். நல்ல பெயர், அதனால் விலையும் சற்றுத் தூக்கல். 2013-க்கு முந்தியதில் பின் கதவு, வீட்டுக் கதவு போலப் பக்கவாட்டில் திறக்கும். நெருக்கமான பார்க்கிங்கில் அந்தக் கதவைத் திறந்து, கூண்டை இறக்கி, நாயையும் இறக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். 2013 முதல் அது மேலே தூக்கும் கதவு.

ஹோண்டாவிலும் டொயோட்டாவிலும் ஒரு ஜாக்கிரதை. ஒரே பெயர், ஒரே முகம், ஒரே வர்ணம். ஆனால் ஒன்று முன் சக்கர இயக்கம் மட்டும், மற்றது நான்கு சக்கர இயக்கம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. பின்னால் ஒட்டிய எழுத்தை நம்பாமல், மெக்கானிக்கை அடியில் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த மூன்றில் எது என்று வற்புறுத்திக் கேட்டால், நன்றாகப் பராமரித்த வண்டி எதுவோ அது என்பேன். பெயருக்காகத் துருப்பிடித்ததை வாங்குவதைவிட, எண்ணெய் மாற்றிய ரசீதுகளை வருஷ வாரியாக அடுக்கி வைத்திருக்கும் மனிதரின் வண்டியை வாங்குங்கள்.

நாயின் பங்கு

இப்போது முக்கியமான பிரயாணிக்கு வருவோம். வண்டி பார்க்கப் போகும்போது நாயையும் அழைத்துப் போங்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டா போகிறார்கள்?

முன்னதாகவே அதன் மூக்கிலிருந்து வால் ஆரம்பிக்கும் இடம் வரை நீளத்தையும், தரையிலிருந்து தலை வரை உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். அது நிற்கவும் திரும்பவும் படுக்கவும் கூண்டில் இடம் வேண்டும். அந்தக் கூண்டு டிக்கிக்குள் போகவேண்டும், கதவும் மூடவேண்டும். பல வண்டிகளில் கதவு சரிவாக இருப்பதால், தரையில் இருக்கும் நீளம் மேலே இராது. டேப்பை எடுத்துப் போய் இரண்டு இடத்திலும் அளவுங்கள்.

ஒன்பது வயது லாப்ரடார் கிழவர்தான். அந்த ஜாதிக்கு இடுப்பு மூட்டு நோவு வருவது சகஜம். உயரமான வண்டி உங்கள் கணவருக்குக் கம்பீரம், அதற்கோ தண்டனை. தாழ்வான வாசல் உள்ளதாகப் பாருங்கள். அல்லது சாய்ந்த பலகை ஒன்று வாங்கி, பனிக்கு முன்பே ஏறிப் பழக்குங்கள். முப்பது கிலோவைத் தினம் தூக்கினால், அதன் இடுப்போடு உங்கள் இடுப்பும் போய்விடும்.

நாயைக் கட்டாமல் பின் ஸீட்டில் விடுவது வாத்ஸல்யம் அல்ல. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி எதிலாவது மோதித் திடீரென்று நின்றால், உள்ளே கட்டாமல் இருப்பது அதே வேகத்தில் முன்னால் பறக்கும். சுமார் பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி மேலிருந்து, விழுவதற்கு அது சமானம். முப்பது கிலோ எடை அப்படி வந்தால் நாயும் பிழைக்காது, முன்னால் இருப்பவருக்கும் ஆபத்து. கூண்டைத் தரையிலுள்ள கொக்கிகளில் கட்டுங்கள். அல்லது மார்புப் பட்டை போட்டு ஸீட் பெல்ட்டோடு பிணையுங்கள். கழுத்துப் பட்டையில் பிணைக்கக்கூடாது. மடியில் வைத்துக்கொள்வதும் கூடாது.

இன்னும் இரண்டு விஷயங்கள் உயிர் விஷயங்கள். எஞ்ஜினைக் குளிரில் உறையாமல் காக்கும் கூலன்ட் என்ற திரவம் பச்சை, நீலம், சிவப்பு என்று பல வர்ணத்தில் வரும். அதில் எதிலின் கிளைகால் என்ற விஷம் இருக்கிறது. அது இனிக்கும், அதுதான் அபாயம். பழைய வண்டியிலிருந்து தரையில் சொட்டியதை நாய் ஆசையாக நக்கிவிடும். முதலில் குடித்தவன் போலத் தள்ளாடும். பிறகு தேறிவிட்டது போலத் தோன்றும். அதற்குள் மூத்திரக் காய்கள் கெட்டுவிடும். சில மணி நேரத்துக்குள் வைத்தியரிடம் போய் மாற்று மருந்து கொடுத்தால்தான் பிழைக்கும். ஆகையால் வாங்குமுன் வண்டி நின்ற இடத்தில் தரையைப் பாருங்கள். வாங்கிய பிறகும் முதல் வாரம் அடியில் ஓர் அட்டையை விரித்து, காலையில் எழுந்ததும் கறை இருக்கிறதா என்று பாருங்கள். காஸ்கெட் கசிவு என்று மேலே சொன்னேனே, அது பணச் செலவு மட்டும் அல்ல என்பது இப்போது விளங்கும்.

இரண்டாவது, புகை. இரவு பெய்த பனி சைலன்ஸர் குழாயின் வாயை அடைத்துக்கொண்டிருக்கும். அதை அகற்றாமல் எஞ்ஜினைப் போட்டு, உள்ளே உட்கார்ந்து குளிர் காய்ந்தால், கார்பன் மோனாக்ஸைடு வாயு வண்டிக்குள் வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது. தூக்கம் வருவது போலிருக்கும், அவ்வளவுதான். துருப்பிடித்து ஓட்டை விழுந்த குழாயிலும் இதே ஆபத்து உண்டு. ஐந்து மணி இருட்டில் புறப்படுகிறவர் நீங்கள். முதல் வேலை குழாயின் வாயைத் துடைப்பது. இரண்டாவது வேலைதான் சாவி.

யாரிடம் வாங்குவது?

ஒண்டாரியோவில் கார் வியாபாரிகள் 'ஆம்விக்' என்ற ஸ்தாபனத்தில் பதிவு செய்திருக்கவேண்டும். அவர்கள் விளம்பரம் செய்யும் விலையில் வரியும் லைசென்ஸ் கட்டணமும் தவிர மற்றக் கட்டணங்கள் எல்லாம் அடங்கியிருக்கவேண்டும் என்பதும் விதி. ஆனால் கையெழுத்துப் போட்டபின் மனம் மாறித் திருப்பிக் கொடுக்கச் சட்டப்படி அவகாசம் எதுவும் கிடையாது. கடையில் புடவை மாற்றுவது போல என்று நினைத்துவிடாதீர்கள்.

தனி மனிதரிடம் வாங்கினால், அவர் 'யூஸ்டு வெஹிகிள் இன்ஃபர்மேஷன் பாக்கேஜ்' என்ற சர்க்கார் கட்டுக் காகிதத்தைத் தரவேண்டும். முன்பு யார் யாரிடம் இருந்தது, அந்த மாகாணத்தில் அதன் பேரில் கடன் பாக்கி உண்டா என்பதெல்லாம் அதில் தெரியும். பாதுகாப்புச் சான்றிதழ் 36 நாள் வரை செல்லும். ஆனால் சோதித்த அன்றைக்குக் குறைந்தபட்சத் தகுதி இருந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. நாளைக்கு ஓடும் என்பதற்கு அல்ல. அது இருக்கிறது என்று மெக்கானிக்குக்குக் கொடுக்கும் 200 டாலரை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தனி மனிதர் வேஷத்தில் திருட்டு வியாபாரம் செய்கிறவர்களும் உண்டு. அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான தந்திரம்: டெலிபோனில் கூப்பிட்டு, "காரைப் பற்றிக் கேட்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். வீட்டுக்காரர் உடனே விவரம் சொல்லுவார். "எந்தக் காரை?" என்று கேட்டால், ரிசீவரை மெதுவாகக் கீழே வைத்துவிடுங்கள். ஒரு வீட்டில் விற்பதற்கு எத்தனை கார் இருக்கமுடியும்?

கடைசியாக, வண்டி வந்த பிறகு டிக்கியில் எப்போதும் இருக்கவேண்டியவை: சின்ன மண்வெட்டி ஒன்று, கனத்த கம்பளி இரண்டு, டார்ச் லைட், ஒரு புட்டி தண்ணீர், பழைய துண்டு. துண்டு நாய்க்கு. சாலை உப்பு அதன் பாதத்தில் வெடிப்பு உண்டாக்கும். நக்கினால் வயிற்றுக்கும் ஆகாது. வீடு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் நாலு பாதத்தையும் கழுவித் துடைத்துவிடுங்கள். இரண்டாவது கம்பளியும் அதற்குத்தான். நடு வழியில் வண்டி நின்றுவிட்டால், உதவி வரும்வரை உங்களோடு கூட இருக்கப் போவது அது ஒன்றுதானே!